அம்மாவின் காது நரம்புக் கட்டி: அறுவையா, கதிர்வீச்சா, காத்திருப்பதா?

வாசகியின் கேள்வி (சுருக்கி)

டாக்டர், என் அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இரண்டு வருடமாக வலது காது மந்தம். போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டார், நாங்களும் வயசுதான் காரணம் என்று விட்டுவிட்டோம். அப்புறம் எந்நேரமும் காதில் இரைச்சல் என்றார். இ.என்.டி. டாக்டர் ஆடியோகிராம் எடுத்துவிட்டு எம்.ஆர்.ஐ. எழுதினார். வலது பக்கம் 17 மி.மீ. அளவில் வெஸ்டிபுலர் ஷ்வானோமா, மூளைத்தண்டை அழுத்தவில்லை என்று ரிப்போர்ட். வலது காதில் சொற்களை அடையாளம் காணும் திறன் 40 சதவீதம். ஒரு நரம்பியல் அறுவை டாக்டர் ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் காமா நைஃப் போதும் என்கிறார். இ.என்.டி. டாக்டரோ ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கலாம் என்கிறார். "ரேடியேஷன்னு சொன்னாலே கேன்சர்தானே, நம்மகிட்ட மறைக்கிறாங்க" என்கிறார் மாமா. அம்மாவுக்கோ முடி கொட்டிவிடுமோ, பேரனைத் தூக்க முடியாதோ என்ற பயம். யார் பேச்சைக் கேட்பது?

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மாமாவுக்கு. இது புற்றுநோய் இல்லை. உடலின் வேறு இடத்துக்குப் பரவாது. காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாவது நரம்பில் கேட்பதற்கு ஒரு பகுதி, உடலின் சமநிலைக்கு ஒரு பகுதி. அந்தச் சமநிலை நரம்பைச் சுற்றியிருக்கும் உறையின் செல்கள் மெதுவாகப் பெருகி உருண்டு திரள்வதுதான் இந்தக் கட்டி. ரேடியேஷன் என்றால் புற்றுநோய் என்று பலரும் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலை செய்யும் கதிர்வீச்சுத் துறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் புற்றுநோயாளிகள்தான், வாசலில் தொங்கும் பலகையிலும் அதுதான் எழுதியிருக்கும். ஆனால் இந்தக் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுப்பது புதிய சமாசாரம் அல்ல. ஸ்வீடன் நாட்டு மூளை அறுவை நிபுணர் லார்ஸ் லெக்செல், மண்டையைத் திறக்காமல் கதிர்களை ஒரே புள்ளியில் குவித்துச் சிகிச்சை செய்யலாம் என்று 1951-இல் எழுதினார். ஸ்டாக்ஹோமில் அவர் உருவாக்கிய காமா நைஃப் கருவியில் 1969-லேயே இதே கட்டிக்குச் சிகிச்சை நடந்தது. மறைக்க ஏதும் இல்லை.

சமநிலை நரம்பில் கட்டி என்றால் தலைசுற்றல்தானே முதலில் வரவேண்டும், அம்மாவுக்குக் காது ஏன் போனது என்று நீங்கள் கேட்கலாம். கட்டி வருடக்கணக்கில் வளர்வதால், அந்தப் பக்கத்துச் சமநிலை குறையக் குறைய மறுபக்கமும் மூளையும் ஈடுகட்டிக்கொள்கின்றன. கேட்கும் நரம்புக்கு அந்த வசதி இல்லை. குறுகலான ஓர் எலும்புக் குழாய்க்குள் கேட்கும் நரம்பு, சமநிலை நரம்பு, முகத்தை அசைக்கும் நரம்பு மூன்றும் ஒட்டி உரசிக்கொண்டு போகின்றன. உள்காதுக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாயும் அதே வழிதான். இடம் நெருக்கினால் முதலில் அடிபடுவது கேட்கும் திறன். முகநரம்பு ஆச்சரியப்படும் அளவுக்குத் தாங்கும். ஆனால் ஆபரேஷன் என்று வரும்போது எல்லோரும் பயப்படுவது அந்த முகநரம்பைப் பற்றித்தான்.

மூன்று டாக்டர்கள் மூன்று விதமாகச் சொன்னது உங்களைக் குழப்பியிருக்கும். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை, மூன்றுமே இந்தக் கட்டிக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிகள். அறுவை செய்பவர் அறுவையின் கண்ணாலும், எங்களைப் போன்றவர்கள் கதிர்வீச்சின் கண்ணாலும் பார்ப்பது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நான் கதிர்வீச்சுத் துறைக்காரன். இனி எழுதப்போவதை அந்த நினைவோடு படியுங்கள்.

கதிர்வீச்சு இந்தக் கட்டியை என்ன செய்யும் என்பது சரியாகப் புரியாமல்தான் பல குடும்பங்கள் பின்னால் தவிக்கின்றன. கதிர்வீச்சு கட்டியை எடுக்காது, கரைக்கவும் செய்யாது. வளர்ச்சியை நிறுத்தும், அவ்வளவுதான். கட்டியின் செல்கள் மேற்கொண்டு பிரிந்து பெருக முடியாதபடி அவற்றின் மரபுப்பொருள் சேதமாகிறது, கட்டிக்குள் ஓடும் சிறு ரத்தக்குழாய்களும் மெல்ல மெல்ல அடைபடுகின்றன. கட்டி அப்புறம் அங்கேயே, பட்டுப்போன மரம் மாதிரி நிற்கும். பலருக்குச் சில ஆண்டுகளில் கொஞ்சம் சுருங்கும், சிலருக்கு அதே அளவில் இருக்கும். எங்கள் கணக்கில் இரண்டுமே வெற்றி. இப்படிப் பார்த்தால், பத்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வேறு சிகிச்சை தேவைப்படுவதில்லை. "ஸ்கேன்ல கட்டி அப்படியே இருக்கே, பணம் வீணா?" என்று வந்து நிற்பவர்கள், கட்டி மறைந்துவிடும் என்று யாரோ சொல்லி அனுப்பியவர்கள்.

இதிலிருந்தே அடுத்த கேள்வி வரும். வளர்ச்சியை நிறுத்துவதுதான் வேலை என்றால், வளராத கட்டிக்கு அது எதற்கு? இந்தக் கட்டிகளில் கணிசமானவை பல ஆண்டுகள் அசையாமல் கிடப்பவை. வளர்பவையும் பெரும்பாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு மி.மீ. என்ற வேகத்தில்தான். நார்வேயில், பெர்கன் நகர மருத்துவமனையில், 2 செ.மீ.க்கு உட்பட்ட புதிய கட்டிகள் உள்ள 100 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே கதிர்வீச்சு. மறு குழுவை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்து, வளர்ந்தால் மட்டும் சிகிச்சை. நான்கு ஆண்டு முடிவு 2023-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. உடனே சிகிச்சை பெற்றவர்களின் கட்டி சராசரியாகச் சுருங்கியிருந்தது, காத்திருந்தவர்களின் கட்டி பெருத்திருந்தது. அந்த விஷயத்தில் கதிர்வீச்சுக்குத்தான் வெற்றி. ஆனால் கேட்கும் திறன், தலைசுற்றல், வாழ்க்கைத்தரம் இவற்றில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. காத்திருந்த 50 பேரில் 28 பேருக்கு அந்த நான்கு ஆண்டுகளில் எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை.

உங்கள் இ.என்.டி. டாக்டர் சொன்னது தட்டிக்கழிக்கும் பேச்சு அல்ல என்று இப்போது தெரிந்திருக்கும்.

இனி உங்கள் அம்மாவின் கணக்கைப் போடுவோம். கட்டி மூளைத்தண்டை அழுத்தவில்லை. வயது 61, சர்க்கரை இருக்கிறது. இந்த நிலையில் ஆபரேஷன் முதல் தேர்வு என்று நான் சொல்ல மாட்டேன். அது பல மணி நேர அறுவை, தேறி எழ வாரக்கணக்கில் ஆகும். தேர்ந்த கைகளிலும் முகநரம்புக்கு ஆபத்து உண்டு. முகம் ஒரு பக்கம் கோணிக்கொள்வது, கண்ணை முழுதாக மூட முடியாமல் போவது, மூளைநீர் கசிவது எல்லாம் அதில் வரக்கூடியவை. 12, 13 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற இன்றைய அளவில் கொடுக்கும் கதிர்வீச்சில் முகநரம்பு பாதிக்கப்படுவது நூற்றில் சிலருக்குத்தான். கட்டி 3 செ.மீ.க்கு மேலே போய் மூளைத்தண்டைத் தள்ளிக்கொண்டிருந்தால் நான் நேர்மாறாகப் பேசுவேன். அங்கே இடநெருக்கடியை உடனே குறைக்க வேண்டும், கதிர்வீச்சால் அது முடியாது. அப்படிப்பட்ட பெரிய கட்டிகளில் முகநரம்பை ஒட்டிய பகுதியை விட்டுவிட்டு மீதியை அறுவையில் எடுத்து, விட்டதற்குக் கதிர்வீச்சு கொடுக்கும் முறையும் உண்டு.

கேட்கும் திறனைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். போனது திரும்பாது. மூன்று வழிகளில் எதுவும் அதைத் திருப்பித் தராது. இருப்பதைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. நல்ல கேட்கும் திறனோடு கதிர்வீச்சுக்கு வருபவர்களில்கூட முதல் சில ஆண்டுகள் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது தங்கும், பத்தாண்டுக்குள் பலருக்குக் குறைந்துவிடும். அம்மாவுக்கு இப்போதே 40 சதவீதம். 50-க்குக் கீழே போனால் அந்தக் காதை வைத்துப் பேச்சைப் புரிந்துகொள்வது கஷ்டம் என்றுதான் நாங்கள் கணக்கிடுகிறோம். ஆகவே "காதைக் காப்பாற்ற உடனே செய்யுங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த வாதம் அம்மாவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

என் அபிப்பிராயம் இதுதான். ஆறு மாதத்தில் அடுத்த எம்.ஆர்.ஐ. எடுங்கள். 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்திருந்தால் கதிர்வீச்சுக்குப் போங்கள். வளரவில்லை என்றால் வருடா வருடம் ஸ்கேன். ஆனால் ஸ்கேனுக்கு ஒழுங்காக வருவது உங்கள் வீட்டில் நடக்காது என்றாலோ, தலைக்குள் கட்டி இருக்கிறது என்ற நினைப்பே அம்மாவைத் தூங்கவிடாது என்றாலோ, இப்போதே கதிர்வீச்சு செய்துகொள்வதையும் தவறு என்று சொல்ல மாட்டேன். முடிவு அம்மாவுடையது. அவரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் உட்காருங்கள். வெளியே உட்காரவைத்துவிட்டு மகன், மகள், மாமா மட்டும் உள்ளே வந்து பேசும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

ஸ்கேன் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 17 மி.மீ. என்பதை எங்கிருந்து எங்கே அளந்தார்கள்? எலும்புக் குழாய்க்குள் இருக்கும் வாலையும் சேர்த்தா, வெளியே இருப்பதை மட்டுமா? ஒரு சென்டரில் சேர்த்தும் இன்னொரு சென்டரில் சேர்க்காமலும் அளந்துவிட்டால், வளராத கட்டி காகிதத்தில் 4, 5 மி.மீ. வளர்ந்துவிடும். முடிந்தவரை அதே சென்டரில், கான்ட்ராஸ்ட் ஊசியோடு, மெல்லிய வெட்டுகளாக எடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருப்பதால் ஊசிக்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை பார்த்துவிடுவார்கள். இன்னொன்று, புதிய ஸ்கேனை முதல் ஸ்கேனோடு ஒப்பிட வேண்டும். போன வருடத்து ஸ்கேனோடு மட்டும் ஒப்பிட்டால் வருடம் ஒரு மி.மீ. என்பது "மாற்றமில்லை" என்றே ரிப்போர்ட்டில் வந்துகொண்டிருக்கும். அதனால் முதல் ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகட்டைப் பத்திரமாக வையுங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் இருந்தால் போதாது.

எந்த மெஷின் என்பதும் உங்கள் மனதில் இருக்கும். காமா நைஃபில் கதிரை வெளிவிடும் கோபால்ட்-60 மூலங்கள், புதிய மாடல்களில் 192. ஒவ்வொன்றிலிருந்தும் வரும் கதிர் தனியாகப் பார்த்தால் பலவீனமானது, வழியில் இருக்கும் மூளைக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. எல்லாம் சந்திக்கும் இடத்தில் மட்டும் அளவு ஏறிவிடும். சைபர்நைஃப் என்பது ரோபோ கையில் பொருத்திய சிறிய லினாக், அதாவது கோபால்ட் இல்லாமல் மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் மெஷின். சாதாரண லினாக் மெஷினிலும் தகுந்த கருவிகளோடு இதைச் செய்யலாம். இந்தியாவில் 1997-லிருந்து மும்பை ஹிந்துஜாவிலும் டெல்லி எய்ம்ஸிலும் காமா நைஃப் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் உண்டு. சென்னையில் சைபர்நைஃப் வந்தும் பல வருடமாகிறது. மெஷின் பெயருக்காக ஊர் ஊராக அலையத் தேவையில்லை. இந்தக் கட்டிக்கு இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், மூளை அறுவை டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து பிளான் போடுவாரா என்று கேளுங்கள். இவற்றுக்கு வரும் பதில்தான் முக்கியம். புரோட்டான் சிகிச்சை வேண்டுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இந்த அளவு கட்டிக்கு அவசியமில்லை.

சிகிச்சை நாளில் என்ன நடக்கும் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதிப் பயம் போய்விடும். காமா நைஃபில் பொதுவாகக் காலையில் தலையில் ஒரு உலோகச் சட்டம் பொருத்துவார்கள். நெற்றியில் இரண்டு, பின்னந்தலையில் இரண்டு என நான்கு திருகுகள். திருகுவதைவிட அதற்கு முன் போடும் மரத்துப்போகும் ஊசிதான் சுருக்கென்று வலிக்கும். அப்புறம் சில நிமிடம் தலையை இறுக்கிக் கட்டியது போன்ற அழுத்தம், அதுவும் பழகிவிடும். முடியை மழிக்க மாட்டார்கள். சட்டத்தோடு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், பலரும் எலும்பின் விவரத்துக்காக சி.டி.யும் எடுப்போம். அதன்பின் நாங்கள் திரையின் முன் உட்காருவோம்.

அங்கே நான் முதலில் வரைவது கட்டியை அல்ல, ஒலியை உணரும் உள்காதின் நத்தை எலும்பை. திரையில் பட்டாணி அளவுகூட இருக்காது. கதிர் அதில் சராசரியாக 4 கிரேக்குள் நிற்கவேண்டும் என்று பார்ப்போம். அடுத்தது மூளைத்தண்டு. அதற்குப் பிறகுதான் கட்டியின் ஓரம், வெட்டு வெட்டாக. கட்டியின் ஓரத்தில் 12 கிரே என்று எழுதினால் நடுவில் 24 வரை ஏறும், ஓரத்தைத் தாண்டியதும் சில மி.மீ.க்குள் சரசரவென இறங்கிவிடும். அந்தக் கோடு கட்டியை ஒட்டிப் படியவேண்டும், நத்தை எலும்புப் பக்கம் வீங்கக்கூடாது. அரை மி.மீ. இங்கே, அரை மி.மீ. அங்கே என்று இழுத்துக்கொண்டே இருப்போம். வெளியே காத்திருக்கும் உங்களுக்கு "ஏன் இவ்வளவு நேரம்" என்று தோன்றுவது இந்த நேரத்தில்தான். ஆரம்ப காலத்தில் 16 முதல் 20 கிரே வரை கொடுத்தார்கள், முகம் கோணுவதும் மரத்துப்போவதும் அப்போது அதிகம். 1990-களில் அளவைக் குறைத்தார்கள். கட்டி அப்போதும் அடங்கியது, நரம்புகளும் பிழைத்தன. "ரேடியேஷன் கொடுத்து முகம் போன" பழைய கதை யாராவது சொன்னால், அது எந்தக் காலத்தில் நடந்தது என்று கேளுங்கள்.

மெஷினுக்குள் படுத்திருப்பது ஒரு மணி நேரம் முன்னே பின்னே. வலி இல்லை, சூடு இல்லை. கோபால்ட் பழையதாக ஆக நேரம் கூடும், அதனால் ஒருவருக்கு நாற்பது நிமிடமும் மற்றவருக்கு எண்பது நிமிடமும் ஆவதில் பயப்பட ஒன்றுமில்லை. சைபர்நைஃபில் சட்டம் கிடையாது, முகத்துக்கு அச்செடுத்த வலைமுகமூடிதான். ஒரே நாளில் அல்லது பிரித்து மூன்று, ஐந்து நாட்களில் கொடுப்பார்கள். அன்று மாலையோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். திருகு போட்ட இடத்தில் வலியும், மறுநாள் கண்ணோரம் லேசான வீக்கமும் வரலாம். முடி கொட்டாது. அம்மாவின் உடலில் கதிர் எதுவும் தங்கியிருக்காது, வீட்டுக்கு வந்ததும் பேரனைத் தாராளமாகத் தூக்கலாம்.

கதிர்வீச்சே பின்னால் புற்றுநோயைக் கொண்டுவருமா? வாய்ப்பே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மிக அரிது. இப்படிச் சிகிச்சை பெற்ற கிட்டத்தட்ட 5,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2019-இல் லான்செட் ஆன்காலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது. மூளையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இளவயதில் இதே கட்டி, அதுவும் இரண்டு காதிலும், வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது என்.எஃப்.2 என்ற பரம்பரை நோயாக இருக்கலாம், அங்கே கணக்கு வேறு.

சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஒன்றரை வருடத்தைத்தான் நான் அதிகம் அழுத்திச் சொல்வேன். ஆறாவது மாதமோ பன்னிரண்டாவது மாதமோ எடுக்கும் ஸ்கேனில் கட்டி முன்னைவிடப் பெரிதாகத் தெரியலாம். "அளவு அதிகரித்துள்ளது" என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும், வீடே கலங்கிப்போகும். பெரும்பாலும் அது வளர்ச்சி அல்ல, உள்ளே செல்கள் சாவதால் வரும் தற்காலிக வீக்கம். படத்தில் கட்டியின் நடுப்பகுதி கறுத்திருந்தால் அதுவே அடையாளம். வேறு ஊரில் வேறு டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "கதிர்வீச்சு பலிக்கவில்லை, ஆபரேஷன் செய்துவிடலாம்" என்று சொல்லக்கூடும். அம்மா நன்றாக இருந்தால், படத்தை மட்டும் வைத்து முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். சிகிச்சை கொடுத்தவரிடம் போய் அந்தப் படத்தைக் காட்டுங்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு கட்டி முகநரம்போடு ஒட்டிக்கொள்ளக்கூடும், அப்போது செய்யும் அறுவை முதலில் செய்வதைவிடச் சிரமம். தேவையில்லாமல் அதற்குள் போகவேண்டாம்.

அந்த வீக்கக் காலத்தில் நடை தள்ளாடுவது, முகத்தில் துடிப்பு, கன்னத்தில் மதமதப்பு, இரைச்சல் கூடுவது எல்லாம் சில மாதம் இருக்கலாம். பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் காலையில் எழும்போதே கடுமையான தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, விழுங்கும்போது புரையேறுவது, நடை மோசமாகிக்கொண்டே போவது, புதிதாக மறதியும் சிறுநீர் அடக்க முடியாமையும் என்று வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். மூளைநீர் தேங்குவதாக இருக்கலாம், அன்றே போகவேண்டும். இது இப்போது, காத்திருக்கும் காலத்துக்கும் பொருந்தும்.

இடையில் அம்மாவுக்கு உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எல்லோரும் கட்டியையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவருக்குக் கேட்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். வலது காதில் சாதாரணக் காதுக்கருவி அவ்வளவு பயன்படாது. வலப்பக்கத்து ஒலியை இடது காதுக்கு அனுப்பும் கருவி இருக்கிறது, கிராஸ் எய்ட் என்று ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். சாலையைக் கடக்கும்போது வண்டி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது, யாராவது வலப்பக்கமாக நடங்கள். இருட்டில் தடுமாறுகிறார் என்றால் குளியலறையில் இரவு விளக்கு போடுங்கள், பிசியோதெரபிஸ்டிடம் சமநிலைப் பயிற்சிகள் கற்றுக்கொள்ளட்டும்.

செலவு மருத்துவமனைக்கு மருத்துவமனை நிறைய மாறுகிறது. தேதி வாங்கும் முன்பே காப்பீட்டுக் கவுன்டரில் சிகிச்சையின் முழுப்பெயரைச் சொல்லி, முதலமைச்சர் காப்பீட்டிலோ உங்கள் பாலிசியிலோ வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசியாக, கதிர்வீச்சை ஒட்டியோ பின்னால் வீக்கத்துக்கோ டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தருவது வழக்கம். அது சர்க்கரையை விறுவிறுவென ஏற்றிவிடும். அம்மாவின் சர்க்கரை டாக்டரிடம் இதை முன்பே சொல்லி, அந்த நாட்களில் மாத்திரையைக் கூட்டவேண்டுமா, இன்சுலின் போடவேண்டுமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இல்லை என்றால் இப்போதே ஒன்று வாங்கிவிடுங்கள்.